வெள்ளைக் குஞ்சின் அலகு

1994 ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. எழுந்து பல் துலக்கினேன். சித்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஜன்னலோரக் கூண்டில் தண்ணீர் மாற்றித் தினை போட்டேன். பள்ளிச் சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். உப்பளம் பகுதியிலிருந்த சித்தி வீட்டுக்கு வந்ததிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் இந்த வரிசையில்தான் நடந்தன. அப்பாவும் அம்மாவும் தம்பியும் பிரான்சுக்குப் போயிருந்தார்கள். என் காகிதங்கள் மட்டும் தயாராகவில்லை. தயாரானதும் நானும் போவேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

கூண்டில் இருந்தது ஒரு வெள்ளை ஃபிஞ்ச் குருவிக் குஞ்சு. சித்தப்பா வளர்த்த ஜோடியில் பெட்டை செத்துப்போய், சாம்பல் நிற ஆண் தனியாகிவிட்டது. அதற்குத் துணையாகட்டும் என்று கருவடிக்குப்பத்திலிருந்த அவருடைய நண்பர் இந்தக் குஞ்சைக் கொடுத்திருந்தார். அப்போது அதன் அலகு கறுப்பு. ஆணா பெட்டையா என்று அவருக்கே தெரியாது. சாம்பல் பறவையானால் ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு வரும், நெஞ்சில் கறுப்புக் கோடு வரும். வெள்ளைக்கு எதுவும் வராது. அலகு நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் பெட்டை, வைத்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் ஆண். இரண்டு ஆண்களை ஒன்றாக அடைத்தால் சண்டைதான் என்பதால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதுதான் பேச்சு.

அதுவரை அது தனிக் கூண்டில், நான் படிக்கும் இடத்துக்கு மேலே தொங்கியது. என்னைக் கண்டால் கம்பியோரம் வந்து நிற்கும். அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியது அதனிடம்தான்.

அன்று சித்தப்பா கூண்டை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தார்.

"பாப்பா, தெனமும் பாக்கறவ நீதான். என்னா கலரு, சொல்லு."

நான் சமையலறையிலிருந்து ஒரு கேரட்டையும் ஒரு தக்காளியையும் எடுத்துவந்து, இரண்டையும் அலகுக்கு அருகில் பிடித்துப் பார்த்தேன்.

"தக்காளி, சித்தப்பா. செவப்பு."

அவர் அலகைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நல்லா பாரு. வெயில்ல அப்படித்தான் தெரியும். கேரட் மாதிரி இல்ல?"

"நெழல்லயும் பாத்துட்டேன். செவப்புதான்."

மீன் கழுவிக்கொண்டிருந்த சித்தி தலையைத் தூக்கினாள். "எனக்கு ஆரஞ்சாதான் தெரியுது. இருந்துட்டுப் போவட்டும்."

"அங்கேர்ந்து உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி? நேத்து தொண்டைய உப்பிக்கிட்டுப் பாடிப் பாத்துச்சு. பொட்ட பாடாது."

"வக்கீலுக்குத்தான் படிக்கப் போறா இவ" என்று சொல்லிவிட்டுச் சித்தி சட்டியோடு உள்ளே போனாள். சித்தப்பா சிரிக்கவில்லை.

சிவப்பு என்றால் அது போய்விடும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால், அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா கிளம்பும்போது சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் சித்தப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கருவடிக்குப்பம் போனேன். நண்பர் குஞ்சைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆணேதான்! யாரு கண்டுபுடிச்சது?"

"எங்க பொண்ணுதான்" என்றார் சித்தப்பா.

எனக்குப் பெருமையாக இருந்தது. நண்பர் குஞ்சைப் பெரிய கூண்டுக்குள் விட்டார். அறை அளவு பெரிய கூண்டு என்பதால் அங்கே நிறைய வெள்ளை ஆண்கள் சண்டையில்லாமல் இருந்தன. அது ஒரு குச்சிக்குத் தாவியது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. அதற்குப் பிறகு எது நம்முடையது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கம்பியோரம் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து வெறுங்கூண்டைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தினை டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். கூண்டு இல்லை. ஆணியும் இல்லை. சித்தப்பா எனக்கு முன்பே எழுந்து அதைப் பிடுங்கி, ஓட்டையில் சுண்ணாம்பு அப்பியிருந்தார். இன்னும் ஈரம் காயவில்லை. சுவரை எவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.