புளி போட்டுத் தேய்த்த தொட்டி

எனக்கு அழுக்கு என்றால் ஆகாது. அண்டா மூடியில் ஒரு கறை இருந்தாலும் அன்றைக்கு நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அந்தக் குணம்தான் என் மகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தது.

யுத்த காலம். ராஜபாளையத்தில் குடியிருந்தோம். மில்லில் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், சாயம் போடும் இடத்தில் கழித்துப்போட்ட ஒரு மரத்தொட்டியைக் கேட்டு வாங்கிவந்தார். உள்ளே காரீயத் தகடு அடித்தது. தெருக்கிணற்றிலிருந்து சுமந்துவரும் தண்ணீரை அதில்தான் ஊற்றிவைப்போம். பருப்பு வேகாத உப்புத் தண்ணீர் அது. கொஞ்ச நாளில் தொட்டிக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு பொருக்கு படிந்தது. மூன்று வருஷம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

என் நாத்தனாருக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. வத்திராயிருப்பிலிருந்து வந்து எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. அவள் கண்ணில் அந்தப் பொருக்கு பட்டால் என் மானம் போய்விடும் என்று, பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலப் பழம்புளியைக் கரைத்துத் தொட்டி முழுக்கப் பூசினேன். பொருக்கு நுரைத்துக்கொண்டு கரைந்தது. தகடு பளபளத்தது. தூரத்திலிருந்து சுமக்கும் தண்ணீர் என்பதால் ஒரே குடத்தில் அலசிவிட்டு நிரப்பினேன்.

"கெடந்துட்டுப் போகுது, விடேன்" என்றார் அவர். நான் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் தேய்த்தேன்.

மூன்றாவது வாரம், நாலு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சோறு இறங்கவில்லை. ஓமம் காய்ச்சிக் கொடுத்தேன், அதே தண்ணீரில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாளில் தெளிந்து ஓடியாடினாள். வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் மறுபடியும் சுருண்டாள்.

வீட்டில் புதிதாக வந்தது என் நாத்தனார் ஒருத்திதான். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பிள்ளைக்குக் கடலைமிட்டாய் வாங்கிவருவாள்.

"ஏட்டி, என்னத்தக் குடுத்துத் தொலைக்கே எம்புள்ளைக்கு?" என்று வாசலில் நின்று கத்தினேன். தெருவே பார்த்தது. அவள் வேலையை விட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறினாள். நான் நிம்மதியாகத் தொட்டியைத் தேய்த்தேன்.

அந்த வாரமே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம், ஆஸ்பத்திரிக்குப் போன கரி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி பஸ்ஸின் பின்னாலிருந்த கரி அடுப்பைக் கிளறுகிறார். என் மடியில் பிள்ளையின் கண் மேலே சொருகியிருக்கிறது. அந்த நேரத்தில்கூட நாத்தனாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு என் வாயைத் திறக்கச் சொன்னார். என் ஈறில் கருநீலக் கோடு ஓடியிருந்ததாம், காரீயம் உடம்பில் ஏறினால் அப்படி வருமாம். எந்தத் தண்ணீர், எந்தப் பாத்திரம் என்று துருவித் துருவிக் கேட்டார். புளி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் பொருக்குதாம்மா ஒங்களக் காப்பாத்துச்சு. தகட்டுல தண்ணி படாம மூடி வச்சிருந்துச்சு, கசிஞ்ச காரீய வெஷத்தையும் தனக்குள்ள பிடிச்சு வச்சுக்கிடுச்சு. நீங்க புளி போட்டு அம்புட்டையும் தண்ணில எறக்கிவிட்டுட்டீங்க. வாராவாரம் புதுசா வேற எறக்கியிருக்கீங்க."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தொட்டியை என் வீட்டுக்காரர் கோடாலியால் பிளந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மன்னிப்புக் கேட்க வத்திராயிருப்புக்குப் போனேன். நாத்தனார் பாயில் படுத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய் ஆளே பாதியாகியிருந்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டாள். தொட்டி விஷயத்தை அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்கும் அங்கயே வயிறு வலிச்சுது மதினி" என்றாள். "சொன்னா, நடிக்கான்னு சொல்லுவீய. அதான் சொல்லல."

அவளும் ஒன்றரை மாதம் அதே தண்ணீரைத்தான் குடித்திருந்தாள். டாக்டரம்மா அவ்வளவு சொன்ன பிறகும் அது எனக்குத் தோன்றவே இல்லை.