மெமரி நிரம்பிய சர்வரும் நிறுத்திய ரிப்போர்ட்டும்

சர்வர் ஒழுங்காக ஓடினால் ஆபீசில் எங்களை யாருக்கும் தெரியாது. படுத்துவிட்டால் வாட்ச்மேனுக்குக்கூட எங்கள் பெயர் தெரியும். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ரிப்போர்ட் சர்வர் என் பொறுப்பு. விற்பனை, உற்பத்தி, மெஷின் பழுது என்று எல்லாத் தகவலையும் மெமரியில் ஏற்றி, வரைபடமாகக் காட்டுவது அதன் வேலை.

காலை வைத்தியம்

தினமும் காலை மீட்டிங் தொடங்கும் நேரம் பார்த்து மெமரி நிரம்பிவிடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறும்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வந்ததும் ரீஸ்டார்ட் செய்வேன். மதியம் வரை தாங்கும், பிறகு பழைய கதைதான். உங்களுக்கும் இப்படி ஒரு காலம் இருந்திருக்கும். என் மேனேஜர் சுந்தர் சார் பொறுமைசாலி. அவரே ஒருநாள் கேட்டுவிட்டார்: "ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கு எதுக்கும்மா இன்ஜினியர்?"

கண்ணாடி அறை டிவி

எந்த ரிப்போர்ட் எவ்வளவு மெமரி தின்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். பாதியை ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. விற்பனைத் தலைவரின் கண்ணாடி அறை டிவியில் ஓடும் வரைபடம் அது. கம்பெனி தொடங்கியதிலிருந்து போட்ட அத்தனை பில்லையும் நிமிடத்துக்கு ஒருதரம் புதிதாக இழுத்தது. கடைசி ஒரு வருஷம் மட்டும் காட்டினால் போதாதா என்று அவரிடமே போய்க் கேட்டேன். டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "வெளியிலேர்ந்து வர்றவங்க கண்ணு முன்னாடி அது ஓடிட்டே இருக்கணும்மா. வேற எதையாவது நிறுத்திக்கோங்க."

வேறு எதையாவது

கூடுதல் மெமரி கேட்டு எழுதினேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதுவரை மெஷின் பராமரிப்பு ரிப்போர்ட்டை நிறுத்தும்படி சுந்தர் சார் சொன்னார். எந்த மெஷினில் எந்தப் பாகம் மாற்ற நாள் தாண்டிவிட்டது என்று ஃபோர்மேனுக்குத் தினமும் மெயில் அனுப்புவது அதுதான். தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின்களைக் கை உள்ளே இருந்தால் நிறுத்திவிடும் பாதுகாப்பு சென்சாரும் அதில் வரும், வேண்டாம் சார் என்று மெயிலில் எழுதினேன். 'நிறுத்திடுங்க' என்று ஒற்றை வார்த்தையில் பதில். நிறுத்தினேன். மறுநாள் மீட்டிங்கில் திரை சட்டென்று திறந்தது. சார் முகத்தில் அப்படியொரு நிம்மதி: "பாத்தீங்களா, எவ்ளோ ஸ்மூத்தா போவுது."

பிரஸ் ஷாப்

சில வாரம் கழித்து ஒரு பிரஸ்ஸில் சென்சார் வேலை செய்யவில்லை. கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. ஓட்டியவர் ஏழுமலை, அண்ணனூர்க்காரர், கேன்டீனில் எனக்குப் பழக்கம். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அந்த சென்சாரை மாற்ற வேண்டிய நாள் எப்போதோ தாண்டியிருந்தது. மெயில் போயிருந்தால் ஃபோர்மேன் பார்த்திருப்பார்.

அன்று என்னால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியவில்லை. விசாரணைக்கு, ரிப்போர்ட் நின்ற காரணத்தை எழுதித் தரச்சொல்லி சார் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மெமரி பிரச்சினையால ரிப்போர்ட் தானா நின்னுபோச்சுன்னு போட்டுடுங்கம்மா. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

பூந்தமல்லி ஆஸ்பத்திரி

அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மெயிலையும் இணைத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து சார் என்னிடம் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையைச் சேர்த்திருந்த பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிப்போர்ட்டை நிறுத்தியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழுமலை கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் மெல்ல நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க உள்ளத எய்திக் குட்த்ததா சொன்னாங்கோ மேடம், அது போதும். ஆனா ஊட்டாண்ட மட்டும் வந்துடாதீங்கோ, இவ தாங்கமாட்டா."

மறுவாரமே சர்வருக்குப் புது மெமரி வந்து இறங்கியது. எங்கள் தொழிலில் ஒரு கோரிக்கை அவசரமானதுதான் என்று மேலிடத்துக்குப் புரிய இவ்வளவு ஆக வேண்டியிருக்கிறது.