அம்மாவைக் கூட்டிவர நெடுந்தீவுக்குப் போனவர்

என் கை முறிந்த அன்று, ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவரே பதில் சொன்னார். "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டா" என்றார். நானும் தலையாட்டினேன். கல்யாணமாகி நெடுந்தீவிலிருந்து வேலணைக்கு வந்த நாள்முதல் அப்படித்தான் பழகியிருந்தேன்.

தாதி என் கழுத்தைப் பார்த்தார். கிணற்றடியில் விழுந்தால் கழுத்தில் விரல் தடம் பதியாது.

"கட்டுப் போடேக்க ஆம்பிளையள் உள்ளுக்கு நிக்கேலாது. வெளியில இருங்கோ" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். அப்படியொரு சட்டமே இல்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

"நீர் எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பக்கத்து அறையில ஒரு அக்கா இருக்கிறா. அவவோட கொஞ்சம் கதையும்."

அந்த அக்கா, என்னைப்போல் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவவென்றே அங்கே வேலை செய்தவர். ஏன் இவ்வளவு காலமும் பொறுத்திருந்தாய் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"இண்டைக்கு வீட்டை போக உமக்குப் பயமில்லையோ?"

"பயமாத்தான் இருக்கு அக்கா." அதைச் சொன்னதும் அழுகை அடக்க முடியாமல் வந்தது.

நானும் என் சின்னஞ்சிறு மகளும் யாழ்ப்பாணத்தில் ஒரு பாதுகாப்பு இல்லத்தில் தங்க அக்காவே ஒழுங்கு செய்தார். ஆனால் அம்மா போனில், "பொறுத்துப் போ பிள்ளை. தங்கச்சிக்கும் ஒரு கலியாணம் பேசவேணுமெல்லே" என்றார். போனை வைத்துவிட்டு, கணவரிடமே திரும்பிப் போக உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினேன்.

அக்கா அதைக் கண்டார். "போறதெண்டா போம், நான் மறிக்கேல்லை. அதுக்கு முதல் அம்மாவோட நான் ஒருக்காப் போய்க் கதைக்கட்டோ? உமக்கு விருப்பமெண்டாத்தான்."

ஓம் என்றேன்.

அது சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் காலம். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறியதிலிருந்து சத்தி எடுத்தபடியே அக்கா நெடுந்தீவு போய்ச் சேர்ந்திருக்கிறார். அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "குடும்பத்தைப் பிரிக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்?" என்று ஏசினாராம்.

அக்கா எதிர்த்துக் கதைக்கவில்லை. "நீங்கள் இன்னும் பிள்ளையைப் பாக்கேல்லை அம்மா. ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு என்ன செய்யவேணுமெண்டு சொல்லுங்கோ."

மாடுகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு அம்மா அவருடனேயே வள்ளம் ஏறினார். வந்து, என் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த தடங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இனி நீ அங்க போகத் தேவையில்லை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நின்றபோது ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அம்மா. கணவர் என்னை நெருங்கக்கூடாதென்று நீதவான் கட்டளையிட்டார்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். மகளோடு தனி வீட்டில் இருக்கிறேன். அந்தத் தாதிக்கும் அக்காவுக்கும் நான் எந்த உறவுமில்லை. இருந்தும் எனக்காக ஒருவர் துணிந்து பொய் சொன்னார், மற்றவர் கடல் கடந்தார். அதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அக்கா இடைக்கிடை போன் எடுத்து, "எப்பிடி இருக்கிறீர்?" என்று கேட்பார். முன்பு "சுகம்" என்பதோடு நிறுத்திவிடுவேன். இப்போது மகளின் குழப்படிகளைச் சொல்லத் தொடங்கினால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்வரை ஓய்வதில்லை.