நீயும் நீரும்

என் கணவரின் மச்சாள் லண்டனிலிருந்து வந்து இறங்கிய நாள் தொடக்கம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். அவளுடைய உடுப்பிலோ நிறத்திலோ எனக்கு எரிச்சலில்லை. அவர் அவளை 'நீ' என்று கூப்பிடுகிறாரே, அதில்தான்.

எங்கள் பக்கத்தில் கட்டின மனிசியை 'நீர்' என்பார்கள். "வாரும்", "இரும்", "சாப்பிட்டீரோ". இருபது வருசத்துக்கு மேலாக எனக்கு இந்தக் கவனிப்புத்தான். மரியாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கந்தோரில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் அவர் அதே நீரைத்தானே கொடுக்கிறார். அவளுக்கோ "வாடி", "போடி", "நீ ஒரு விசரி". மாமியின் மகள், ஒரே வளவில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரு காலத்தில் அவளைத்தான் இவருக்குச் செய்து வைக்கப் பெரியவர்கள் கதைத்தார்களாம். அது எனக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மாசி மாதம், மழைத் தண்ணீர் வற்றத் தொடங்காத நேரம். தொண்டைமானாற்றில் படகில் போகவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நானும் எத்தனை தரம் கேட்டிருப்பேன். "உந்த வெயிலுக்கை என்னத்துக்கு" என்பார். அவள் கேட்டு அடுத்த நாளே வாசலில் வான் நின்றது. நான் இருட்டோடு எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, பையில் கட்டிக்கொண்டு சாவகச்சேரியிலிருந்து வெளிக்கிட்டேன். அவள் கறுப்புக் கண்ணாடியோடு வெளிக்கிட்டாள்.

பேர்தான் ஆறு. முந்தி யாரோ வெட்டிவிட்ட வாய்க்கால் என்று சொல்வார்கள். பாலத்தடியில் அகலமாக இருந்தது, உள்ளே போகப் போகக் கண்டல் மரங்கள் இரண்டு கரையிலும் கிட்ட வந்தன. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம்.

"நீ முன்னுக்கு இரு, காத்து நல்லாப் பிடிக்கும்" என்றார் அவளிடம். என்னிடம், "நீர் நடுவிலை இரும். சாப்பாட்டுப் பையைப் பிடியும்." நானும் இன்னொரு பை மாதிரி நடுவில் இருந்தேன்.

"உதென்னடா, கொக்கோ?" என்று அவள் கை நீட்டினாள்.

"பூநாரையடி விசரி. நீ லண்டனுக்குப் போய் எல்லாத்தையும் மறந்திட்டாய்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு அது. என்னோடு சிரிக்கும்போது அவருக்குப் பல் மட்டும்தான் தெரியும்.

கண்டலுக்குள் பிரிந்து போன ஒரு ஒடுங்கிய வாய்க்காலைக் கண்டதும் அவளுக்கு அதற்குள் போக ஆசை வந்துவிட்டது. "அங்கை படகு ஓடத் தண்ணி காணாது" என்றார் படகோட்டி. "ஒண்டும் செய்யாது அண்ணை, விடுங்கோ" என்றார் இவர். விட்டார். சேற்றில் ஏறி நின்றது படகு. ஆண்கள் இருவரும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, எந்தப் பக்கம் ஆழம் என்று பார்க்க முன்னால் நடந்தார்கள். நானும் அவளும் படகில் தனித்துப் போனோம்.

முறைக்கு அவள் எனக்கு அக்கா. "உங்களுக்கென்ன அக்கா, வாய் நிறைய நீ எண்டு கூப்பிடுறார். எனக்கு ஒருநாளும் அந்தக் குடுப்பினை இல்லை" என்றேன். பகிடியாகத்தான் சொல்ல நினைத்தேன், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எங்கடை கலியாணத்தைப் பெரியாக்கள் கதைக்கத் தொடங்கின நேரம், உவன் என்னை எப்ப நீர் எண்டு கூப்பிடுவான் எண்டு காத்துக்கொண்டு இருந்தனான். சைக்கிள் சத்தம் கேட்டால் படலைக்கு ஓடுவன். 'அடியே, நீ இன்னும் குளிக்கேல்லையோ' எண்டுவான். ஒவ்வொரு நாளும் உதுதான். பிறகு எனக்கு விளங்கிட்டுது. லண்டன் சம்பந்தத்துக்கு ஓம் எண்டிட்டன்."

எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. பையைத் திறந்து இடியப்பப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள்.

அவர் திரும்பி வந்து படகு விளிம்பைப் பிடித்தார். "இஞ்சாரும், கையை ஒருக்காத் தாரும்" என்றார் என்னைப் பார்த்து.

கையைக் கொடுத்துவிட்டுத் தற்செயலாக அவள் பக்கம் பார்த்தேன். அந்த 'தாரும்' அவளுக்குள் போய் இறங்கியதை என் கண்ணால் கண்டேன். நான் இவ்வளவு வருசமும் சட்டை செய்யாமல் விட்ட சொல்லை, அவள் வாய் லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சற்று முன் வந்த பாவமெல்லாம் எங்கே போனதோ தெரியாது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது எனக்குச் சொன்ன சொல். அவள் ஏன் அதைக் கேட்கவேண்டும்?

"இஞ்சாலை வந்து எனக்குப் பக்கத்திலை இருங்கோ" என்றேன்.

"உடம்பெல்லாம் சேறப்பா, உம்மடை சீலை பழுதாப்போகும்."

"போனால் போகட்டும். இருங்கோ."