மோட்டார் மேல் உட்கார்ந்த காலை

உற்பத்தியைப் பெருக்கினால் செல்வம் தானாகவே எல்லாரையும் வந்து சேரும் என்கிறது ஒரு பொருளாதார முறை. இருப்பதை முதலில் ஒழுங்காகப் பங்கிடு என்கிறது இன்னொன்று. பாளையங்கோட்டையில் படித்தபோது இரண்டையும் நெட்டுருப் போட்டுத் தேர்வெழுதினேன். எது சரி என்று தெரிந்துகொண்டது தாராவியில், எங்கள் சந்துக் குழாயடியில். எண்பதுகளின் தொடக்கம் அது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன்.

சந்தின் முகப்பில் தோல் பதனிடும் பட்டறை. முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்து முஸ்லிம். எல்லாருக்கும் அவர் பாய். என் கணவர் உட்படச் சந்தின் ஆண்களில் பாதிப்பேருக்கு அங்கேதான் வேலை. உப்புத் தோலைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். காலையில் தண்ணீர் வந்ததும் பாய் குழாயோடு இணைத்திருந்த மோட்டாரைப் போட்டுவிடுவார். சந்தின் கடைசியில் எங்கள் குழாய் வெறும் காற்றை ஊதும். மோட்டார் நின்ற பிறகு வரும் கலங்கல் நீரை நாங்கள் பிடித்துக்கொள்வோம். தோல் கழுவினால்தானே கூலி? யாரும் வாய் திறக்கவில்லை.

என் எட்டு வயது மகள் டைபாய்டில் விழுந்தாள். எங்கள் குழாய் சாக்கடைக்குள் ஓடுவதையும் பட்டறை மோட்டாரையும் கேட்டறிந்த டாக்டர், "அந்த மோட்டார் குழாயிலுள்ள ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்மா" என்றார்.

மறுநாள் விடியலில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போய், மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் ஓடி வந்தார். "எந்திரிங்க டீச்சரம்மா, ஷாக் அடிக்கும்!"

"அடிக்கட்டும் பாய். எம் பிள்ளை அங்கன கெடக்கா."

"சரக்கு போனாத்தானே ஒங்க வீட்டுக்காரருக்கும் கூலி? முதல்ல தோலு, பெறவு கொடம்."

"தோல நாளைக்கும் கழுவலாம்."

என் கணவர் பட்டறை வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரி முன்னால் வந்தாள். அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை.

"ஒங்களுக்கென்ன டீச்சர், பட்டறைய மூடினாலும் மாசம் பொறந்தா சர்க்கார் பகார் வந்துரும். எங்களுக்குச் சம்பளம் யாரு போடுவா?"

"மூடச் சொல்லல. நம்ம கொடத்துக்குப் பின்னால பாயோட டிரம்மும் வரிசைல நிக்கட்டும். மோட்டாரு குழாயில இழுக்காம டிரம்முல இழுக்கட்டும்."

அவள் வீட்டுக்குள் போனாள். வெளியே வந்து என் காலடியில் குடத்தை ணங்கென்று வைத்தாள். "எம் பயலுக்கும் ரெண்டு நாளா வயித்தால போகுது" என்று பாயைப் பார்த்துச் சொன்னாள்.

ஒவ்வொரு குடமாக வந்து மோட்டாரைச் சூழ்ந்தது. "பாய், ஒங்க டிரம்மு கடைசி. நடுவுல நுழைஞ்சா பிச்சுப்புடுவோம்" என்று யாரோ சொல்ல, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எலே, குழாயில இருக்க மோட்டாரு பைப்பக் கழட்டுலே" என்றார்.

கூலி கொஞ்ச நாள் குறையத்தான் செய்தது. என் காதுபடவே திட்டினார்கள். பிறகு பாய் பட்டறைக்குள் பெரிய தொட்டி கட்டினார். எங்கள் குடங்கள் நிறைந்த பின், தண்ணீர் நிற்கும்வரை அது மெல்ல நிறைந்தது. கழுவும் தோலும் கூலியும் பழைய அளவுக்கு வந்தன. பங்கீட்டை முதலில் வைத்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று இன்று யார் சொன்னாலும் நான் ஒப்புவதில்லை. படுத்தது சில வாரம்தான். பிள்ளைகள் போயிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டார்கள்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டது. முடியெல்லாம் கொட்டி, குச்சிபோல வீட்டுக்கு வந்தாள். இப்போது பதினெட்டு வயது; மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போகிறாள். இத்தனை வருஷம் கழித்தும் அவள் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன்.

"பஸ் கரோ மம்மி, போதும்! தண்ணி குடிக்கிறத யாராச்சும் இப்பிடிப் பாப்பாங்களா?"

"நீ குடி" என்கிறேன். டம்ளர் காலியாகும்வரை அங்கேயே நிற்கிறேன்.