என் வடிகட்டியும் கீழப்பாவூர்க் கெண்டைகளும்

போன சனிக்கிழமை காலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை இல்லாமல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் நம் பத்திரிகை. நான்காக மடித்தது.

கீழப்பாவூர்க்காரர். நெல் விவசாயம். வயது ஐம்பதுக்கு மேல். பெயரை எழுதப் போவதில்லை... அவருக்கு நான் செய்ததே போதும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு இதே பத்திரிகையில் நான் அளந்தது ஞாபகம் இருக்கிறதா? தென்காசியில் என் வீட்டுப் புறவாசலில், வாய்க்காலிலிருந்து மடை வழியாகத் தண்ணீர் வரும் ஒரு சின்னக் குளம். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின் அடியில் துளை போட்டேன். கூழாங்கல், அடுப்புக்கரி, சிற்றாற்று மணல் என்று அடுக்கடுக்காக நிரப்பினேன். தினம் காலையில் குளத்துத் தண்ணீர் இருபது வாளி அதில் ஊற்றுவேன். அது வடிந்து, மூங்கில் குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பும். மூன்றே வாரத்தில் குளத்தின் அடியில் கிடந்த கல் தெரிந்தது!

பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிறவன். கை சும்மா இருக்குமா? எழுதிவிட்டேன். போதாததற்கு, ‘இனி வாய்க்கால் தண்ணீரே வேண்டாம், மடையை அடைத்துவிடலாம்’ என்று ஒரு வரி வேறு.

அந்த வரியை இவர் நம்பினார்.

யுத்தம் வந்ததிலிருந்து பீப்பாய் கிடைப்பதே பெரும்பாடு. எங்கெங்கோ அலைந்து ஒன்றைப் பிடித்திருக்கிறார். அச்சில் இருந்தபடியே அடுக்கினார். மடையை அடைத்தார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்ததாம். பிறகு பீப்பாயில் தண்ணீர் இறங்கவே இல்லை, மேலாக வழிந்தது. அவர் வீட்டுக் குளம் கரும்பச்சையாகி நாற ஆரம்பித்தது. அவர் மனைவி வளர்த்த கெண்டைகள் — பொரி போட்டால் படிக்கட்டு வரை வருமாம் — ஒரு நாள் காலையில் மொத்தமாக மல்லாந்து மிதந்தன. அன்றிலிருந்து அந்த அம்மாள் அவரோடு பேசுவதில்லை.

அவர் சண்டை போட வரவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

“சார்வாள் எழுதுனது தப்பா இருக்காது. என் கையிலதான் என்னமோ கோளாறு. ஒருதரம் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

நான் என்ன செய்தேன்? புறவாசலுக்கு அழைத்துப்போய் வகுப்பு எடுத்தேன். கரியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள், மணல் ரொம்பப் பொடியாக இருந்திருக்கும் என்று அடுக்கினேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அப்போது என் மனைவி காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் அவரிடமே சொன்னாள்.

“அண்ணாச்சி, உங்க மேல தப்பு இல்ல. அந்த மணலு ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, பாசி அடச்சிக்கிடும். இவுக பள்ளிக்கூடம் போனப்பொறவு நான்தான் அதை அள்ளி வாய்க்கால்ல அலசிப் போடுதேன். குளத்துப் பாசியப் பழைய சேலைய வச்சு அரிச்சு எடுக்கேன். இவுக அடச்சிட்டுப் போற மடையையும் மத்தியானம் வரைக்கும் தொறந்துதான் விடுதேன்.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆசிரியர் அறையில் இந்தக் குளத்தைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த நண்பர்களை, தலை ஈரம் காயுமுன் இழுத்துவந்து காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் இதே போலக் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட குரலில் கோபம் இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள எழுதிப் போட்டுட்டியளே” என்றாள்.

வந்தவர், மணலை எப்படி அலச வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அவளிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் கேட்க அவருக்கு எதுவும் இல்லை.

மறுநாள் நானும் மனைவியும் மாட்டுவண்டியில் கீழப்பாவூர் போனோம். குடத்தில் எங்கள் குளத்துக் கெண்டைக் குஞ்சுகள் ஏழெட்டு. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எங்களுக்குப் படிப்பு கம்மி சார்வாள். அச்சுல வந்தா நம்பிருவோம்” என்றார். குஞ்சுகளை வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார்.

பெண்கள் இருவரும் மணல் அலசினார்கள். விவசாயி மண்வெட்டியால் மடையைத் திறந்தார். நான் வாளி சுமந்தேன். குஞ்சுகள் அதே குடத்தில், அதே வண்டியில் என்னோடு திரும்பி வந்தன.

என் பேச்சைக் கேட்டு வேறு யாராவது மடையை அடைத்திருந்தால், தயவுசெய்து இன்றே திறந்துவிடுங்கள். ஒன்று நன்றாக நடக்கிறது என்றால் அது நம்மால்தான் என்று எத்தனை சுலபமாக நம்பிவிடுகிறோம்... யார் கை பட்டது என்று ஒருமுறை கேட்கக்கூடத் தோன்றுவதில்லை.

இதை அச்சுக்கு அனுப்புமுன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னாள். இரண்டும் நான் என்னை மெச்சிக்கொண்ட வரிகள்.