சிமெண்டு நிறத்தில் ஒரு செராமிக் பலகை

கம்பம்மெட்டுக்கு அருகே ஒரு ரிசார்ட்டில் பதினெட்டு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன். இப்போது சூப்பர்வைசர். அதாவது, முன்பு நான் துடைத்தேன். இப்போது மற்றவர்கள் துடைத்ததை விரலால் தடவிப் பார்க்கிறேன்.

நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் குளியலறையில், கீழே அலமாரியும் மேலே வாஷ்பேசினுமாக ஒரு மேடை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அலமாரியைத் தச்சர் செய்துவிட்டார். அதன் மேல் போடும் பலகையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் கணவர் ஏற்றுக்கொண்டார். ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். மூன்று மாதம் கைபேசியில் வீடியோ பார்த்தார். மார்பிள் கறை பிடிக்கும், மரம் ஈரத்தில் உப்பும், செராமிக்தான் சரி என்று சாப்பிடும்போதெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார். விருந்தாளிகளின் தலைச்சாயத்தை மார்பிளிலிருந்து சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தவள் நான். இருந்தாலும் புதிதாகத் தெரிந்துகொள்வது போலக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனோம். டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றவர் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு என் கணவரை அழைத்துக்கொண்டு நடந்தார்.

"அண்ணே, இதப் பாருங்க. கண்ணாடி மாதிரி. மொகம் பாத்துத் தலை சீவலாம்."

வெள்ளை செராமிக். பளபளப்பு. நடுவே தங்க நிறத்தில் கோடுகள். என் கணவர் அங்கேயே விழுந்துவிட்டார்.

"இங்க வந்து பாரு புள்ள. கோயில் பீடம் மாதிரி இருக்குல்ல?"

என் பயமும் அதுதான். எங்கள் மாதா கோயில் பீடத்தின் மேல் யாரும் பல் துலக்கித் துப்புவதில்லை.

"கொஞ்சம் சோப்புத் தண்ணி கிடைக்குங்களா?" என்று விற்பனையாளரிடம் கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். "அக்காவுக்குக் கை கழுவணுமாண்ணே?"

"இல்லீங்க, பலகையில ஊத்திப் பாக்கணும்," என்றேன்.

என் கணவர் மின்விசிறியைக் கவனிக்க ஆரம்பித்தார். சோப்புத் தண்ணீர் வந்ததும், வெள்ளைப் பலகையில் கொஞ்சம், மூலையில் சாய்த்து வைத்திருந்த பளபளப்பில்லாத சாம்பல் பலகையில் கொஞ்சம் தெளித்தேன். டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் இரண்டும் காய்ந்துவிட்டன. வெள்ளையில் ஒவ்வொரு சொட்டும் வட்டம் வட்டமாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. சாம்பல் பலகை ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

"இதோட வெட்டுன ஓரத்த எப்படி முடிப்பீங்க?" என்று அடுத்துக் கேட்டேன். விற்பனையாளர் பின்னாலிருந்து பலகை வெட்டுகிறவரைக் கூப்பிட்டார். அவர் தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசியோடு வந்தார்.

"அக்கா கேக்குறதுதான் கேள்வி. நடுவுல சுடுசட்டிய வச்சாலும் தாங்கும். ஓரத்தக் கூரா விட்டா, எதாவது பட்டாத் தெறிச்சிரும். லேசா உருட்டித் தாரேன். வாஷ்பேசினப் பலகைக்கு மேல வைக்கணுமா, கீழ ஒட்டணுமா?"

"கீழ ஒட்டுங்க. மேல வச்சா அதச் சுத்தி அழுக்கு சேரும்."

"அக்காவும் கல்லு வேலைதானா?"

"தொடைக்கிற வேலை."

சாம்பல் பலகைக்குக் காசு கொடுத்துவிட்டு மலையேறும்போது, என் கணவர் கடைசி வளைவு தாண்டியதும் சொன்னார்: "காசு குடுத்துச் சிமெண்டு வாங்கிட்டு வாரோம்."

மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்த நாளில், பீர்மேட்டிலிருந்து என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா, வந்திருந்தார். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த மேடைக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டாம விட்டுட்ட?"

"கொத்தனார் இன்னும் வரலக்கா," என்றார் என் கணவர். தீர்த்தம் தெளித்த ஈரம் காய்வதற்குள் அந்த வீட்டில் சொல்லப்பட்ட முதல் பொய் அது.

மறுநாளே, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை வாங்கிவந்து, பேசினுக்கு ஓட்டை வெட்டி, பலகையை மூடிவிட்டார்.   துடைக்கும் வேலை குறையட்டும் என்று வாங்கிய பலகைக்காக, தினமும் விரிப்பைத் துடைத்து, அதைத் தூக்கி அடியிலும் துடைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து என்னுடன் வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் வீடு பார்க்க வந்தார்கள். மற்ற விருந்தாளிகள் ஹாலைப் பார்ப்பார்கள், திரைச்சீலையைப் புகழ்வார்கள். இவர்கள் நேராகக் குளியலறைக்குப் போனார்கள். தொழில் அப்படி.

"என்னாக்கா இது, மேடைக்கு முக்காடு?" என்று ஒருத்தி விரிப்பை உருவினாள். விரலால் பலகையின் ஓரத்தைத் தடவினாள். குனிந்து பேசின் ஒட்டிய இடத்தைப் பார்த்தாள். 

"அக்கா, நம்ம ரிசார்ட்டுல ஒரு ரூம்ல கூட இப்படி இல்லியே. இப்படி இருந்தா நாம எல்லாரும் மூணு மணிக்கே வீட்டுக்குப் போயிரலாம்."

மற்ற மூவரும் வரிசையாக வந்து தடவிப் பார்த்தார்கள். என் வேலையைத் தெரிந்த நாலு பேர் என் வீட்டில் நிற்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிடுமோ என்று குழாயைத் திறந்து மூடினேன்.

"யாருக்கா எடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள், டீத் தட்டோடு வாசலில் நின்ற என் கணவர் பதில் சொன்னார்.

"செராமிக்குதான் எடுக்கணும்னு மூணு மாசமா நான்தான் சொல்லிட்டு இருந்தேன். அதுலயும் பளபளப்பு எடுக்கக் கூடாது. முக்கியமா ஓரத்த உருட்டச் சொல்லணும்."

நால்வரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் என் கையை மெல்லக் கிள்ளினாள். அன்று சாயங்காலமே அந்த விரிப்பு ஜீப்பின் பின்சீட்டுக்குப் போய்விட்டது.

இப்போது மதினி வீட்டிலும் குளியலறையைப் புதுப்பிக்கிறார்கள். பலகை எடுக்க என் கணவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். "நீயும் கூட வா, தொணைக்கு," என்றார் என்னிடம். அன்று எனக்கு டூட்டி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் விடுமுறைதான். ஜீப் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தூங்கினேன்.